கொளத்தூரிலிருந்து கிண்டிக்கு, ஒரு லட்சத்துக்குள் எந்த மின் ஸ்கூட்டர்?

கொளத்தூரில் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள். கிண்டி தொழிற்பேட்டைக்குப் போய்வர நாளொன்றுக்கு 34 கிலோமீட்டர் ஆகிறது. இப்போது ஓட்டும் 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரை மாற்றி ஒரு லட்சம் ரூபாய்க்குள் மின் ஸ்கூட்டர் வாங்க நினைக்கிறீர்கள். 75,000 ரூபாய்க்கு 150 கிலோமீட்டர் ஓடும் வண்டி இருக்கிறது என்று ஒரு கடையில் சொல்கிறார்கள், அதை வாங்கலாமா, இல்லை விலை இறங்கும் வரை பொறுத்திருக்கலாமா என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் வண்டியின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பெயரைத் தீர்மானிக்கக்கூடிய இரண்டு விவரங்கள் உங்கள் கேள்வியில் இல்லை. ஒன்று, வண்டியை எங்கே சார்ஜ் செய்யப்போகிறீர்கள் என்பது. மற்றொன்று, அது நின்றுபோனால் யார் பார்ப்பார்கள் என்பது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தபின் மிஞ்சுவது பேட்டரியின் அளவு பற்றிய கணக்கு மட்டுமே. அதைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம்.

நான் மின்னியலில் பட்டயம் படித்தவன். 12 ஆண்டுகள் யுபிஎஸ் பேட்டரிப் பராமரிப்பில் இருந்துவிட்டு, கடந்த 7 ஆண்டுகளாக மின் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை செய்கிறேன். என் அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணிமனைக்கு வருபவை கெட்டுப்போன வண்டிகள்; பழுதின்றி ஓடிக்கொண்டிருப்பவை என் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே எந்த நிறுவனத்தின் வண்டி அதிகம் பழுதாகிறது என்று நான் சொன்னால் அது நியாயமான கணக்காக இருக்காது. எது எதனால் கெடுகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் பிளக் பாயிண்ட். வீட்டில் பயன்படுத்தும் ஸ்கூட்டர் சார்ஜர்கள் பெரும்பாலும் 700 முதல் 1,000 வாட் வரை இழுப்பவை. அதாவது மூன்று, நான்கு ஆம்பியர். கணக்குப்படி 5 ஆம்பியர் பாயிண்டே இதற்குப் போதும் என்று தோன்றும். ஆனால் மிக்ஸியைப்போல இரண்டு நிமிடத்தில் நிற்கும் வேலை அல்ல இது. நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் பாய்கிறது. பழைய சாக்கெட்டின் உள்ளே பித்தளைத் தகடு சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகி, நாளடைவில் பிளாஸ்டிக் உருகிக் கருகும். பேட்டரி கோளாறு என்று என்னிடம் வந்த பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி சுவரில் இருந்த சாக்கெட்தான். ஆகவே 15 ஆம்பியர் பாயிண்ட், உங்கள் மீட்டரிலிருந்து தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதற்கென ஓர் எம்சிபி (மின்சுமை மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்), முறையான எர்த், மழைச் சாரல் படாத இடம் ஆகியவை வேண்டும். மின் கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மீட்டர் பெட்டியில் இல்லையென்றால் அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாடி சன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொங்கவிட்டு சார்ஜ் செய்யும் வழக்கம் நம் தெருக்களில் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாடகை வீட்டில் இதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அவரிடம் பேசி, முடிந்தால் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வண்டியை வாங்கி வந்தபின் கேட்டு, மறுக்கப்பட்டு, அலுவலகத்தில் மட்டும் சார்ஜ் செய்து சமாளிக்கப் பார்த்து, ஆறே மாதத்தில் வண்டியை நட்டத்துக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒரு பாயிண்ட் கிடைப்பது நல்லதுதான். ஆனால் வேலை மாறினால் அது போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

உரிமையாளர் உறுதியாக மறுத்துவிட்டால், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரி உள்ள வண்டிகள்தாம் உங்களுக்கு வழி. டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர், பஜாஜ் சேத்தக் ஆகியவற்றில் பேட்டரி வண்டியோடு பொருத்தப்பட்டது, கழற்ற முடியாது. ஹீரோவின் விடா வண்டிகளில் கழற்றலாம். ஆனால் கழற்றும் பேட்டரியும் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தினமும் இரண்டு மாடி தூக்க வேண்டும், சில நாள் உங்கள் மனைவியும் தூக்க வேண்டிவரும். கடையிலேயே அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிப் பாருங்கள். வீட்டுக்குள் சார்ஜ் செய்யும்போது படுக்கையறையிலோ, வெளியேறும் கதவுக்கு அருகிலோ வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பது அரிது. ஆனால் பிடித்தால் சில நிமிடங்களில் அறை முழுவதும் நச்சுப் புகையாகிவிடும், அப்போது வெளியேறும் வழி அடைபட்டிருக்கக் கூடாது. பால்கனியில் வெயிலும் மழையும் படாத மூலை, தரைமீது, சுற்றிலும் துணியோ காகிதமோ இல்லாமல், நீங்கள் விழித்திருக்கும் நேரம் என்பதே ஏற்றது.

இப்போது அந்த 75,000 ரூபாய் வண்டிக்கு வருகிறேன். கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட்டு, பேட்டரி எத்தனை கிலோவாட் மணி என்று கேளுங்கள். ஒரு கிலோவாட் மணி, அதாவது ஆயிரம் வாட் மணி என்பது மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட்தான். சென்னையின் சமதளச் சாலையில், சிக்னலில் நின்று நின்று, மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாதாரண மின் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 25 முதல் 35 வாட் மணி வரை செலவிடும். தனியாக நிதானமாக ஓட்டினால் கீழ் எண்ணும், இருவர் அமர்ந்து வேக மோடில் ஓட்டினால் மேல் எண்ணும் பொருந்தும், சில நேரம் அதையும் தாண்டும். 150 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் குறைந்தது சுமார் 4 யூனிட் கொள்ளும் பேட்டரி வேண்டும். அந்த அளவுக்குத் தரமான லித்தியம் பேட்டரியின் அடக்கமே அந்த விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மீதியில் மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், சட்டகம், டயர், வியாபாரியின் பங்கு எல்லாம் அடங்காது. ஆகவே அங்கே ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது. பேட்டரி சிறியதாக இருக்கலாம், அல்லது ஈய அமில வகையாக இருக்கலாம், அல்லது 25 கிலோமீட்டர் வேகத்தில் அளந்த தூரமாக இருக்கலாம். மூன்றில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பேட்டரியின் மேலுள்ள தகட்டில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் மணி இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். உதாரணமாக 60 வோல்ட், 30 ஆம்பியர் மணி என்றால் 1.8 யூனிட், அதில் 150 கிலோமீட்டர் போக இயலாது. ஈய அமிலம் என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். யுபிஎஸ்ஸில் அது நல்ல பேட்டரி. ஆனால் தினமும் ஆழமாக இறங்கி ஏறும் வேலையில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் படுத்துவிடும்.

பெரிய நிறுவனங்களின் விளம்பர எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சான்றிதழில் வரும் தூரம், புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையங்களில், உருளைகளின் மீது வண்டியை வைத்து, ஒரே சீரான ஓட்ட முறையில் அளக்கப்படுவது. அது பொய்யல்ல, ஆனால் கோயம்பேட்டு நெரிசலும் அல்ல. அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை சாலையில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

உங்கள் 34 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால், கிலோமீட்டருக்கு 32 வாட் மணி வீதம் நாளொன்றுக்குச் சுமார் 1.1 யூனிட் தேவை. 2.2 யூனிட் பேட்டரியில் இது பாதி; புதிதாக இருக்கும்போது தாராளம். ஐந்து ஆண்டுகளில் கொள்ளளவு கால் பங்கு குறைந்தால் 1.65 யூனிட் மிஞ்சும். அப்போதும் போய்வரலாம், ஆனால் வழியில் பாரிமுனைக்கு ஒரு நடை போகவேண்டி வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 3 யூனிட் அளவுள்ள பேட்டரி என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும், முதுமையிலும் இடம் இருக்கும். அதற்கு மேல் உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை. தேவையற்ற பேட்டரிக்குப் பணமும் கொடுத்து, அந்த எடையையும் தினமும் சுமக்க வேண்டாம். 2.2 யூனிட்டுக்குக் குறைவானதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேட்டரி எத்தனை ஆண்டு வரும் என்பதில்தான் உறுதியும் சந்தேகமும் கலந்திருக்கின்றன. உறுதியானவை இவை: வெப்பம் லித்தியத்தின் எதிரி, எப்போதும் நூறு சதவீதத்தில் நிறுத்தி வைப்பதும், அடிக்கடி பூஜ்ஜியம் வரை வற்றவிடுவதும் ஆயுளைக் குறைக்கும், மே மாத வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு உடனே சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுவது நல்லது. எல்எஃப்பி என்று சொல்லப்படும் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தையும் அதிக சார்ஜ் சுழற்சிகளையும் நன்றாகத் தாங்கும், தீ அபாயமும் குறைவு. ஆனால் அதே யூனிட்டுக்குச் சற்றுக் கனமாக இருக்கும், மீதி எத்தனை சதவீதம் என்று அது காட்டும் எண்ணைத் திருத்திக்கொள்ள அவ்வப்போது முழுதாக ஏற்ற வேண்டியிருக்கும். என்எம்சி எனும் நிக்கல் வகையை அன்றாட ஓட்டத்தில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது சிறப்பு. சந்தேகத்துக்குரியது நீண்ட ஆயுள். 8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கப்பட்ட உத்தரவாதங்கள் இன்று விற்கப்படுகின்றன. இவை விற்பனைக்கு வந்து அத்தனை ஆண்டுகள் ஆகவில்லை. சென்னை வெயிலில் எட்டு ஆண்டு ஓடிய இன்றைய மாதிரி ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. ஆகவே அந்த உத்தரவாதத்தை ஆயுளின் சான்றாகப் பார்க்காமல், ஒரு காப்பீடாகப் பாருங்கள். அதில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் முக்கியமான வரி. அந்த வரி இல்லாத உத்தரவாதம், பேட்டரி அடியோடு செத்தால் மட்டுமே பயன்படும்.

தீப்பிடித்தல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். 2022ஆம் ஆண்டில் தொடர்ந்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 தர விதிகள் கடுமையாக்கப்பட்டு, திருத்தம் 3 என்ற பெயரில் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. ஆகவே பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானதா என்று பார்க்க வேண்டும். அடையாளம் தெரியாத கடையில் கட்டிய மாற்றுப் பேட்டரி பொருத்திய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பதிவும் உரிமமும் தேவையில்லாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட, 250 வாட்டுக்குக் குறைந்த வண்டிகள் உங்களுக்கு அல்ல. தெருக்கோடிப் பள்ளிக்குப் பிள்ளையை விட்டுவர அவை உதவும். பாடி மேம்பாலத்திலும் நூறடிச் சாலையிலும் பேருந்துகளுக்கு நடுவே அந்த வேகத்தில் செல்வது ஆபத்து. ஒயரைக் கழற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று கடையில் சொன்னால், அந்த நொடியிலிருந்து அது பதிவில்லாத, காப்பீடு இல்லாத வண்டி என்று பொருள்.

சென்னைக்காரர் கட்டாயம் கேட்க வேண்டியது தண்ணீர். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஐபி67 என்ற தரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதே அதன் பொருள். ஆனால் அது புதிய ரப்பர் சீலோடு, நல்ல நீரில் செய்யும் சோதனை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நகரத்தில் நின்றதைப்போல நாள்கணக்கில் சாக்கடை கலந்த நீரில் வண்டி நிற்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. பல நிறுவனங்கள் மூழ்கிய வண்டிக்கு உத்தரவாதம் தருவதுமில்லை. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் அமைந்த வண்டிகளில், முழங்காலுக்குக் கீழுள்ள நீரிலேயே மோட்டார் முழுதாக மூழ்கிவிடும். சீல் நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின் பேரிங்கில் துரு ஏறி இரைச்சலோடு வருபவை பெரும்பாலும் இப்படி நீரில் ஓடியவைதான். மோட்டாரைச் சட்டகத்தில் ஏற்றி பெல்ட்டால் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் பெல்ட்டுக்கென ஒரு செலவு உண்டு. எந்த அமைப்பானாலும், மூழ்கிய வண்டியைச் சாவி போட்டுப் பார்க்கவும் கூடாது, சார்ஜில் இணைக்கவும் கூடாது. தள்ளியோ ஏற்றியோ சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

சர்வீஸைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய மின் ஸ்கூட்டரில் கண்ட்ரோலர் போனபோது, பழுது எங்கே என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். உதிரிப்பாகம் வர இரண்டு மாதம் ஆயிற்று. தொழில் தெரிந்தவனுக்கே அந்த நிலை, ஏனென்றால் பெட்ரோல் வண்டியைப்போல இதற்குத் தெருமுனை மெக்கானிக்கிடம் மாற்றுப் பொருள் கிடைப்பதில்லை. மென்பொருள் பூட்டோடு நிறுவனத்திடமிருந்துதான் வரவேண்டும். ஆகவே கொளத்தூர், பெரம்பூர், அண்ணா நகர் பக்கத்திலோ, கிண்டி வழியிலோ உள்ள சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலை நேரில் போங்கள். ஷோரூமுக்குப் போகாதீர்கள், சர்வீஸ் வாசலுக்குப் போங்கள். எத்தனை வண்டிகள் தூசு படிந்து நிற்கின்றன என்று பாருங்கள். காத்திருக்கும் இரண்டு பேரிடம் வண்டியை விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். இணையத்தில் படிக்கும் நூறு கருத்துகளைவிட அந்த அரை மணி நேரம் பயன்படும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரே பெயரைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வரவுசெலவுக்கு அருகில் வருபவை என்று டிவிஎஸ் ஐக்யூபின் 2.2 யூனிட் வகை, பஜாஜ் சேத்தக் 3001, விடா விஎக்ஸ்2 ஆகியவற்றைச் சொல்வேன். கீழே பாயிண்ட் கிடைத்தால் முதல் இரண்டில் எதன் சர்வீஸ் சென்டர் அருகில் நன்றாக நடக்கிறதோ அது; கிடைக்காவிட்டால் மூன்றாவது. ஷோரூம் விலையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பதிவு, காப்பீடு, சார்ஜர், செயலி வசதிகளுக்கான கூடுதல் தொகுப்பு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். சில வண்டிகளில் அந்தத் தொகுப்பு இல்லாமல் முழு வேகமும் வசதிகளும் திறக்காது. மூன்றாம் தரப்புக் காப்பீடு புதிய வண்டிக்கு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதோடு தேய்மானக் கழிவில்லாத சொந்தச் சேதக் காப்பீடு எடுக்கும்போது பேட்டரி முழுதாக அடங்குகிறதா என்று கேளுங்கள், அதுவே வண்டியின் விலையுயர்ந்த உறுப்பு. பேட்டரியை வாடகைக்கு எடுத்து கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டும் திட்டங்களும் உண்டு. தொடக்க விலை குறைவாகத் தெரியும். உங்களைப்போல ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் அந்த வாடகையை ஐந்து ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக, காத்திருக்கலாமா என்ற கேள்வி. மத்திய அரசின் மானியம் 2023 ஜூனில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் 5,000 ஆகவும், 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஏப்ரலிலிருந்து 2,500 ஆகவும் சுருங்கியது. பேட்டரி விலை இறங்கியிருக்கிறது, மானியமும் கூடவே இறங்கியிருக்கிறது. இவற்றில் எது இனி எவ்வளவு நகரும் என்று உறுதி கூற யாராலும் முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது உங்கள் பெட்ரோல் செலவுதான். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 22,000 ரூபாய்க்கு மேல் போகிறது. மின்சாரத்தில், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துச் சுமார் 370 யூனிட். வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வாங்கினாலும் 3,700 ரூபாய். உங்கள் பெயரில் தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகக் கூடும்; ஏற்கெனவே 450 யூனிட்டைத் தொடும் வீடாக இருந்தால் அது 500ஐத் தாண்டி, கீழ்ப் படிகளின் சலுகை விலையையும் இழக்க நேரிடும் என்பதால், பழைய ரசீதுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் மாதத்துக்கு 1,500 ரூபாய் அளவில் மிச்சமாகும். பிளக் பாயிண்டுக்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டுவிட்டால் ஓர் ஆண்டு காத்திருப்பதன் விலை சுமார் 18,000 ரூபாய். அந்த அளவுக்கு வண்டி விலை இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் ஒப்புக்கொள்ளாமல், பேட்டரியைத் தூக்கிப் படியேறுவதும் உங்கள் வீட்டில் இயலாது என்றால், வீடு மாறும் வரை இப்போதைய ஸ்கூட்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.